ஸ்டாப் போர்டு சிவப்பாக 30 வருஷம் ஆச்சு

பொட்டி தட்டுற பிழைப்புல இருக்கிறவங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "இதோட முதல் வெர்ஷன் எப்படி இருந்திருக்கும், இதை மாத்தணும்னா எதெல்லாம் உடையும்"னு யோசனை ஓடும். எனக்கு இந்த வியாதி ரோட்டுல நிக்கிற சைன் போர்டு மேல வந்து ஒரு வருஷம் ஆச்சு. ஆணி குறைவா இருக்கிற நாள்ல எல்லாம் இதைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். வீட்டுல ஒரு மாதிரி பார்க்கிறாங்க, அது வேற கதை :-)

அமெரிக்காவுல எந்த மாநிலத்துக்குப் போனாலும் ஸ்டாப் போர்டு ஒரே மாதிரி இருக்கும். அதுக்குக் காரணம் ஒரு புத்தகம். சீரான போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சாதனங்களுக்கான கையேடு என்பது அதோட பேரு. சுருக்கமா எம்.யூ.டி.சி.டி. வாய்ல நுழையாததால இந்தப் பதிவுல வெறும் கையேடுன்னே சொல்லிக்கிறேன். எந்தப் பலகை எந்த வடிவம், எந்த நிறம், எழுத்து எத்தனை அங்குலம், சிக்னல் எங்கே வைக்கலாம், நடக்கிறவங்களுக்கு எத்தனை வினாடி, ரோட்டு நடுவுல கோடு மஞ்சளா வெள்ளையா, எல்லாம் அதுல இருக்கு. 1935ல் முதல் பதிப்பு வந்தப்போ 166 பக்கம். 2023 டிசம்பர்ல வந்த 11வது பதிப்பு ஆயிரம் பக்கத்தைத் தாண்டிப் போகுது.

இந்தக் கையேட்டுக்கு அடுத்த 20 வருஷத்துக்குன்னு ஒரு திட்டம் போட்டிருக்காங்கன்னு படிச்சதும் எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்தது. எங்க ஆபீஸ்ல ஆறு மாசத்துக்கு மேல போட்ட எந்தத் திட்டமும் போட்டபடி நடந்ததில்லை. ஆனா பழைய கதையைத் தோண்டத் தோண்ட, 20 வருஷம்கிறது இவங்களுக்குக் குறைவுன்னு தோண ஆரம்பிச்சிடுச்சு.

கதை 1920கள்ல ஆரம்பிக்குது. அதுவரைக்கும் ரோட்டுக்குப் பலகை வச்சது பெரும்பாலும் அரசாங்கம் இல்லை. மோட்டார் க்ளப்காரங்க ஆளாளுக்கு வச்சாங்க. ஒரே ரோட்டுல ரெண்டு மூணு க்ளப்போட பலகை ஒண்ணையொண்ணு மறைச்சுக்கிட்டு நிக்கும். டெட்ராய்ட்ல 1915ல் வச்ச ஸ்டாப் பலகை வெள்ளைப் பின்னணியில கறுப்பு எழுத்து. மத்த ஊர்கள்ல என்ன இருந்தது, இருந்ததா இல்லையா என்பதெல்லாம் அந்தந்த ஊர் அதிர்ஷ்டம்.

1922ல் மின்னசோட்டாவைச் சேர்ந்த ரோஸன்வால்ட், விஸ்கான்ஸின் டானகே, இண்டியானா ஹிங்கிள்னு மூணு நெடுஞ்சாலை அதிகாரிங்க சேர்ந்து பல மாநிலங்கள்ல சுத்தி, எல்லாத்துக்கும் பொதுவா ஒரு முறை கொண்டுவர முடியுமான்னு பார்த்தாங்க. அதுல இருந்து 1923ல் மிஸிஸிப்பி பள்ளத்தாக்கு மாநில நெடுஞ்சாலைத் துறைகளோட சங்கம் ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. பலகையோட வடிவத்தைப் பார்த்தாலே ஆபத்து எவ்வளவுன்னு புரியணும். பக்கங்கள் கூடக் கூட ஆபத்து கூடும். வட்டத்துக்கு முடிவில்லாத பக்கம்னு கணக்கு வச்சு, அதை ரயில்வே க்ராஸிங்குக்குக் கொடுத்தாங்க. அடுத்து எண்கோணம், ஸ்டாப்புக்கு. வளைவு மாதிரியான எச்சரிக்கைக்குச் சாய்ஞ்ச சதுரம். சும்மா தகவல் சொல்றதுக்குச் செவ்வகம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் தகரம். தகரத்தை வட்டமாவோ எண்கோணமாவோ வெட்டினா மிச்சத் துண்டு நிறைய வீணாகும். செவ்வகத்துல வீணே கிடையாது. அதனால எந்தப் பலகை கம்மியா வேணுமோ அதுக்குத்தான் வட்டமும் எண்கோணமும். தத்துவமும் தகரக்கடைக் கணக்கும் ஒரே இடத்துல வந்து நின்னிருக்கு. டிசைன்னா இது டிசைன்! அப்போ ராத்திரி வெளிச்சமும் கம்மி, எழுத்து தெரியாது, நிறம் தெரியாது. வடிவம் மட்டும்தான் நம்பகமா தெரியும். அதையே முதல் அடையாளமா வச்சுட்டாங்க.

நம்ம ஊர் ஸ்டாப் போர்டும் எண்கோணம்தானே, கவனிச்சிருக்கீங்களா? 1968ல் வியன்னாவுல போட்ட சாலைக் குறியீட்டு உடன்படிக்கை அந்த வடிவத்தை ஏத்துக்கிச்சு. 1980ல் இந்தியாவும் அதுல சேர்ந்துச்சு. சென்னையில ஏதாவது ஒரு தெரு முனையில போஸ்டர் ஒட்டி நிக்கிற அந்த எட்டு மூலைத் தகரத்துக்குப் பூர்வீகம் மிஸிஸிப்பி பக்கம்.

சரி, வடிவம் முடிஞ்சது. நிறம்தான் இழுவை.

1924ல் ஹெர்பர்ட் ஹூவர் வணிக அமைச்சரா இருந்தப்போ சாலைப் பாதுகாப்புக்குன்னு ஒரு தேசிய மாநாடு நடந்துச்சு. (அப்புறம் ஜனாதிபதி ஆனாரே, அதே ஹூவர்தான்.) அங்கேயே ஸ்டாப் பலகை சிவப்பா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. டிராஃபிக் சிக்னல்ல சிவப்புன்னா நில், ரயில்வேயில சிவப்புன்னா நில், அப்போ பலகையும் சிவப்பு. இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு?

பெயிண்ட் இருக்கு. அந்தக் காலத்துச் சிவப்பு வெயில்ல கிடந்தா வெளுத்துப் போகும். ராத்திரியில பார்த்தா கறுப்பா தெரியும். வருஷக்கணக்கா வெயில், மழை, பனின்னு எல்லாத்துலயும் நிக்க வேண்டிய பலகைக்கு அது சரிப்படாது. அதனால நெடுஞ்சாலைத் துறைக்காரங்க மஞ்சளைத் தேர்ந்தெடுத்தாங்க. 1935 கையேட்டுல ஸ்டாப் போர்டு மஞ்சள் பின்னணி, எழுத்து கறுப்பாவும் இருக்கலாம் சிவப்பாவும் இருக்கலாம்னு வந்துச்சு. அந்த "லாம்"ல எவ்வளவு சண்டை ஒளிஞ்சிருக்கும்னு கமிட்டியில உக்கார்ந்தவங்களுக்குப் புரியும். கிராமப்புறச் சாலைக்கு 1927லயும் நகரத்துக்கு 1930லயும் ரெண்டு தனித்தனிக் கையேடு இருந்ததை ஒண்ணாக்கினதுதான் 1935 பதிப்பு. ரெண்டு டீமோட கோடை மெர்ஜ் பண்ணும்போது ரெண்டு பேர் சொன்னதையும் ஆப்ஷனா வச்சுட்டுப் போறது நமக்குப் புதுசா என்ன?

வெளுக்காத பீங்கான் எனாமல் பூச்சு நல்லா வந்ததுக்கு அப்புறம்தான் 1954ல் சிவப்புப் பின்னணி வெள்ளை எழுத்துன்னு விதியை மாத்தினாங்க. அதாவது சரியான விடை 1924லயே தெரியும், 30 வருஷம் காத்திருந்தாங்க. விதி மாறினதும் மஞ்சள் பலகை எல்லாம் மறுநாளே மறைஞ்சுடலை. கம்பத்துல ஏத்தின பலகை தன் ஆயுசு முடியுற வரைக்கும் நிக்கும். எங்க பாஷையில சொன்னா, இது அப்டேட் அனுப்ப முடியாத சிஸ்டம். ஒவ்வொரு ஊர்லயும் ஏணி வச்சு ஒரு ஆள் ஏறணும், அந்த ஊர் நகராட்சி காசு கொடுக்கணும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்தது 1971ல். எதிரெதிரா வர்ற வண்டிகளைப் பிரிக்கிற நடுக்கோடு இனிமே மஞ்சள், ஒரே திசையில போறவங்களைப் பிரிக்கிறது வெள்ளைன்னு அந்த வருஷப் பதிப்பு சொல்லிச்சு. அதுக்கு முன்னாடி நடுக்கோடு பல இடத்துல வெள்ளைதான். நாடு முழுக்க ரோட்டு நடுவுல நிறத்தை மாத்துறது எவ்வளவு பெரிய வேலை! ஆனா பெரிய கலாட்டா இல்லாம நடந்துச்சு. கோடு எப்படியும் தேயும், சில வருஷத்துக்கு ஒரு தடவை அடிச்சே ஆகணும். அடுத்த தடவை டப்பாவை மாத்தினா போச்சு.

நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். ஒரு விதியை மாத்த எவ்வளவு நாள் ஆகும்னு அந்த விதி எவ்வளவு நல்லதுங்கிறது தீர்மானிக்கிறதில்லை. அது எந்தப் பொருள் மேல எழுதப்பட்டிருக்கோ அந்தப் பொருளோட ஆயுசு தீர்மானிக்குது. தேதி குறிச்சு அதை முந்தப் பார்த்தா என்ன ஆகும்னு ரெண்டு தடவை கத்துக்கிட்டாங்க.

முதல் தடவை கிலோமீட்டர். 1975ல் மெட்ரிக் முறைக்கு மாறச் சட்டம் வந்துச்சு. 1977ல் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் சாலைப் பலகைகளை எல்லாம் கிலோமீட்டருக்கு மாத்துறோம்னு ஒரு முன்மொழிவு போட்டுச்சு. ஐயாயிரத்துக்கும் மேல கடிதம் வந்துச்சு, கிட்டத்தட்ட 98 சதவீதம் எதிர்ப்பு. சில வாரத்துலயே சுருட்டி வச்சுட்டாங்க. அதே 1977 செப்டம்பர்ல பக்கத்து வீடு கனடா வேகப் பலகைகளை கிலோமீட்டருக்கு மாத்திட்டுப் போயிட்டே இருந்தாங்க. அப்போ மாத்த முடியாத வேலைன்னு சொல்ல முடியாது. மொத்தச் சமூகமும் மாறுறப்போ பலகையும் கூடவே மாறும். பலகையை மட்டும் முன்னால அனுப்பினா திரும்பி வந்துடும். அரிஸோனாவுல டூஸானுக்கும் நொகாலஸுக்கும் நடுவுல ஐ-19னு ஒரு ரோடு இருக்கு. அங்கே தூரம் கிலோமீட்டர்ல, வேகம் மைல்ல. அம்போன்னு விட்ட பீட்டா வெர்ஷன்.

ரெண்டாவது தடவை இன்னும் சுவாரஸ்யம். 2009 பதிப்புல தெருப் பெயர்ப் பலகையில முழுக்கப் பெரிய எழுத்துல எழுதாம, முதல் எழுத்து பெருசு, மத்தது சின்னதுன்னு எழுதணும்னு வந்துச்சு. அப்படி எழுதினா வார்த்தைக்கு மேடு பள்ளமா ஒரு உருவம் வருது, தூரத்துல இருந்து சீக்கிரம் அடையாளம் தெரியும். (தமிழ்ல நமக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, கொம்பும் காலும் சுழியும் அந்த வேலையை இலவசமா செய்யுது.) கூடவே ராத்திரியில ஹெட்லைட் பட்டா பிரதிபலிக்கிற அளவுக்கும் கெடு வச்சாங்க, 2018 ஜனவரிக்குள்ள எல்லாப் பெயர்ப் பலகையும் தேறணும்னு.

2010ல் பத்திரிகைகள் பிடிச்சுக்கிச்சு. நியூயார்க் நகரத்துல மட்டும் ரெண்டரை லட்சம் பலகை, 2.7 கோடி டாலருக்கு மேல செலவு. அதுவும் 2008 பொருளாதாரச் சரிவுக்கு அப்புறம் ஊர் ஊரா நகராட்சி கஜானா காலியா கிடந்த நேரம். "எழுத்தைச் சின்னதாக்க இவ்வளவு காசா"ன்னு கேட்டா யாரு பதில் சொல்றது? அதுல பெரும் பகுதி எப்படியும் தேய்மானத்துக்காக மாத்த வேண்டிய பலகைங்கிற விவரம் தலைப்புச் செய்தியில வரலை. 2011ல் போக்குவரத்து அமைச்சர் ரே லஹுட் 46 கெடுக்களை எடுத்துடுறோம்னு அறிவிச்சார். 2012 மே மாசம் அது விதியாவும் ஆச்சு. பலகை தேய்ஞ்சு மாத்தும்போது புது முறைக்கு மாத்திக்கோங்கன்னு விட்டுட்டாங்க. பழைய தகர ஆயுசுக் கணக்குதான் ஜெயிச்சது.

எழுத்துருவுலயும் ஒரு கூத்து. க்ளியர்வியூன்னு ஒரு எழுத்துரு, வயசானவங்க கண்ணுக்குத் தூரத்துல இருந்து நல்லா தெரியுதுன்னு 2004ல் தற்காலிக அனுமதி கொடுத்தாங்க. 2016 ஜனவரியில, புதுப் பளபளப்பு ஷீட்டால வந்த பலனை எழுத்துருவோட பலனா நினைச்சுட்டோம், வெளிர் பின்னணியில அடர் எழுத்தா வந்தா பழசை விட மோசம்னு சொல்லி அனுமதியை வாபஸ் வாங்கினாங்க. 2018ல் காங்கிரஸ் தலையிட்டு, பட்ஜெட் சட்டம் மூலமா அனுமதியைத் திரும்ப வாங்கிக் கொடுத்துச்சு. நாடாளுமன்றம் ஃபாண்ட் முடிவு பண்ற அளவுக்குப் போனதுக்குக் காரணம், நடுவுல பல மாநிலம் க்ளியர்வியூவுல பலகை அடிச்சு ஏத்தி முடிச்சிருந்ததுதான்.

இந்தப் பின்னணியிலதான் 20 வருஷத் திட்டம் வருது. கையேட்டை வெளியிடுறது கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம். ஆனா அதுக்குச் சிபாரிசு தயாரிக்கிறது ஒரு தேசியக் கமிட்டி. மாநிலம், மாவட்டம், நகரம், ரயில்வே, பொறியாளர் சங்கங்கள்னு பல தரப்பு ஆளுங்க, பெரும்பாலும் தன்னார்வலர்கள், வருஷத்துக்கு ரெண்டு தடவை கூடிப் பேசுறாங்க. வேர் 1930கள்ல இருக்கு. 2013ல் நிர்வாகம் ஒரு கேள்வி கேட்டுச்சு: கையேடு குண்டாயிடுச்சே, கட்டாய விதி ஒரு புத்தகம், ஆலோசனை ஒரு புத்தகம்னு ரெண்டா உடைச்சிடலாமா? பொறியாளர்கள் பலர் வேண்டாம்னாங்க, உடைக்கலை. ஆனா அந்தக் கேள்வி கமிட்டியை உலுக்கிடுச்சுன்னு நினைக்கிறேன். 2014 ஜனவரியில அடுத்த 20 வருஷத்துக்கான தொலைநோக்குன்னு ஒரு ஆவணத்தை ஏத்துக்கிட்டாங்க. கையேட்டோட அமைப்பு எப்படி இருக்கணும், ஆராய்ச்சி முடிவு விதியா மாறுறது எப்படி, வண்டியே பலகையைப் படிக்கிற காலத்துல இது என்ன ஆகணும்னு யோசிக்கிற முயற்சி அது.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். பலகையோட ஆயுசு சரி. அந்தப் பலகையை எதிர்பார்த்து நிக்கிற மனுஷங்க ஆயுசு?

ஒரு உதாரணம். புதுசா சிக்னல் வைக்கணும்னா கையேட்டுல தகுதிப் பட்டியல் உண்டு. நடக்கிறவங்களுக்காக வைக்கணும்னா 2009 பதிப்புப்படி சாதாரணத் தெருவுல மணிக்குக் குறைஞ்சது 107 பேர், ஒரு நாள்ல ஏதாவது நாலு மணி நேரம் தெருவைக் கடக்கணும். இல்லைன்னா உச்ச மணியில 133 பேர். ஸ்கூல் பக்கம்னா 20 பிள்ளைங்க. விபத்தை வச்சுக் கேட்டா, ஒரு வருஷத்துக்குள்ள சிக்னல் இருந்தா தவிர்த்திருக்கக்கூடிய விபத்து அஞ்சு பதிவாகி இருக்கணும்.

ஆறு வழி ரோடு, வண்டி பறக்குது, கடக்க பயம். அதனால யாரும் கடக்கிறதில்லை. எண்ணிக்கை வரலை, சிக்னல் இல்லை. கிணறே இல்லாத ஊர்ல எத்தனை குடம் இறைக்கிறாங்கன்னு எண்ணிப் பார்த்துட்டு, இங்கே கிணறு தேவையில்லைன்னு எழுதிட்டுப் போற மாதிரி. பொறியாளர் பக்கம் நியாயம் இருக்கு. தேவையில்லாத இடத்துல சிக்னல் வச்சா பின்னாடி இடிக்கிற விபத்து கூடும், ஜனங்க சிவப்பை மதிக்க மாட்டாங்க. எண் ஏதாவது ஒண்ணு வேணும்தான். ஆனா அஞ்சு விபத்துன்னு எழுதும்போது அந்த அஞ்சுல இருக்கிறது யாருன்னு கமிட்டி மேஜையில எத்தனை பேர் நினைச்சாங்க? மேஜையைச் சுத்தி இருந்தவங்க பெரும்பாலும் வண்டி ஓட்டத்தைப் படிச்சவங்க.

இன்னொண்ணு நடை வேகம். நடக்கிறவங்க வினாடிக்கு 4 அடி நடப்பாங்கன்னு வச்சுத்தான் பல பத்தாண்டு சிக்னல் நேரம் கணக்குப் போட்டாங்க. 2009ல் அதை 3.5 அடி ஆக்கினாங்க. 60 அடி ரோட்டுக்கு 15 வினாடி இருந்தது 17 ஆச்சு. ரெண்டு வினாடி, ஒரு பாட்டி நடுரோட்டுல நிக்கிறதுக்கும் பிளாட்பாரத்துல ஏறுறதுக்கும் உள்ள தூரம். இதுக்குத் தகரம் வேணாம், ஏணி வேணாம், கன்ட்ரோல் பெட்டியில எண்ணை மாத்தணும், அவ்வளவுதான். பொருளோட ஆயுசுன்னு சாக்குச் சொல்ல முடியாத மாற்றம் இது. இதுவும் பல பத்தாண்டு காத்திருந்துச்சே, அதைத்தான் ஜீரணிக்க முடியலை.

2023 பதிப்புல கொஞ்சம் இறங்கி வந்திருக்காங்க. ஒரு வருஷ விபத்துக் கணக்கோட மூணு வருஷக் கணக்கும் பார்க்கலாம்னு வந்திருக்கு. 2009க்கும் 2023க்கும் நடுவுல 14 வருஷம் புதுப் பதிப்பு வராததால கடுப்பான காங்கிரஸ், 2021 உள்கட்டமைப்புச் சட்டத்துல இனிமே குறைஞ்சது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்னு எழுதிடுச்சு. புதுப் பதிப்பு 2024 ஜனவரி 18ல் அமலுக்கு வந்துச்சு, மாநிலங்களுக்கு ஏத்துக்க ரெண்டு வருஷம் கொடுத்தாங்க. ஏத்துக்கவே ரெண்டு வருஷம், நாலாவது வருஷம் அடுத்தது. பலகை அச்சடிக்கிற பட்டறைக்காரங்க நிலைமையை நினைச்சுப் பார்த்தேன் :-)

அதே பதிப்புல 5ம் பாகம் மொத்தமா தானியங்கி வண்டிகளுக்கு. வேகச் சாலையில கோடு 6 அங்குலமாவது அகலம் இருக்கட்டும், மின்பலகையோட விளக்குச் சிமிட்டல் கேமராவைக் குழப்பாத மாதிரி இருக்கட்டும்னு சொல்லுது. இதுல பெரிய வேடிக்கை, அதுக்கு முந்தின பதிப்புகள்ல 5ம் பாகம் வண்டி கம்மியா போற கிராமத்து ரோட்டுக்குன்னு இருந்துச்சு. அந்த விஷயங்களை மத்த பாகங்கள்ல பிரிச்சுப் போட்டுட்டு, காலியான எண்ணை ஓட்டுநர் இல்லாத வண்டிக்குக் கொடுத்துட்டாங்க. கேமராவுக்குக் கோடு தெரியணும்னு அகலமாக்கினா வயசான ஓட்டுநருக்கும் தெரியும், அந்த வகையில லாபம்தான். 1923ல் ராத்திரி இருட்டுக்காகத் தேர்ந்தெடுத்த எண்கோணத்தையும் இந்த வண்டிகள் பிடிச்சுக்குது, எழுத்தைப் படிக்கும் முன்னாடியே வடிவத்தை வச்சு.